முழங்கால் உயரம் எத்தனை சென்டிமீட்டர்?

(இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர், தாவரவியல் முடித்து, பி.எட். பயிற்சியில் திருமங்கலம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் வேளாண் பிரிவுக்குப் பாடம் எடுத்த மதுரைப் பெண்.)

கேள்வி: அடுத்த மாதம் நானும் பயிற்சிக்குப் போகிறேன். டவுனில் வளர்ந்தவள். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்? – வாசகி, மதுரை

நானும் செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள்தான். உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதல் வாரம் மல்லிகைப் பாடம். ‘நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து’ என்று போர்டில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “டீச்சர், எங்க வீட்ல கார்த்திகையில முழங்கால் உயரத்துக்கு வெட்டுவாங்க. அது தப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தயக்கம். அப்புறம் மர ஸ்கேலை அவள் கையில் கொடுத்து, அவள் முழங்காலையே அளக்கச் சொன்னேன். 47. பக்கத்துப் பெண்ணுக்கு 49. வகுப்பிலேயே உயரமான பையனுக்கு 53. நவம்பர் கடைசி வாரம் கார்த்திகைக்குள்தான் வருகிறது. ஆக, புத்தகம் சொன்னதும் அவள் அப்பத்தா சொன்னதும் ஒன்றேதான்!

சரி, எதற்காக வெட்டுகிறோம் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. மல்லிகை புதுத் தளிரில்தான் மொக்கு விடும், பழைய கிளையை வெட்டினால்தான் தளிர் கிளம்பும் என்று சொன்னதும் அந்தப் பெண் நோட்டை எடுத்து எழுதினாள். எப்படி வெட்டுவது என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஏன் என்பதை நீங்கள் கொண்டுபோங்கள்.

கேள்வி: எனக்குப் பயிற்சிக்குக் கிடைத்த பள்ளியில் தோட்டத்துக்கு இடமே இல்லை. செய்முறையை எப்படி நடத்துவது? – வாசகர், மேலூர்

எங்களுக்கும் கை கழுவும் குழாய்க்குப் பின்னால் இரண்டு பாத்திதான். குழாயில் வழிந்த தண்ணீரைத் திருப்பிவிட்டு, தட்டைப்பயறு போட்டோம். நாற்பதாம் நாள் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு கெல்லி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசினோம். வேர் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள். “வேர்ல கட்டி டீச்சர், நோயி” என்றான் ஒருவன். அவன் பயந்ததில் நியாயம் உண்டு. மண்ணிலிருக்கும் நுண்ணிய நூற்புழு தாக்கினாலும் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். ஆனால் அது வேரே வீங்கியது, தனியாகப் பிரியாது. பயறு வேரின் முடிச்சை நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும். ஒன்றை உதிர்த்து பிளேடால் இரண்டாக நறுக்கினோம். உள்ளே ஈறு நிறத்தில் சிவப்பு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு நிறமி அது. அந்தச் சிவப்பு இருந்தால், உள்ளேயிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் பிளேடுக்கு வரிசையில் நின்றார்கள். பாத்தி கிடைக்காவிட்டால் சிமென்ட் சாக்கில் மண் நிரப்பிப் பயறு போடுங்கள், போதும்.

கேள்வி: மகன் வேளாண் பிரிவு கேட்கிறான். மார்க் இல்லாதவன் எடுக்கிற குரூப் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சேர்க்கலாமா? – வாசகர், வாடிப்பட்டி

ஆசைப்பட்டுக் கேட்கிறான், சேர்த்துவிடுங்கள். வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கு (வேளாண் பிரிவும் அதில்தான் சேரும்) தனி ஒதுக்கீடு இருக்கிறது. 1965-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையிலேயே இருக்கிறது. ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

‘மார்க் இல்லாதவன் எடுக்கிற குரூப்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். என் வகுப்பில் ஆறேழு பேர் விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மல்லி பறித்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டையை ஏற்றிவிட்டு, ஒன்பதரைக்கு வந்து உட்கார்வார்கள். முதல் பீரியடில் கண் சொக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டு முதல் பீரியடைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒருவர்கூடத் தூங்கவில்லை.