வெறும் மட்டையைக் காட்டி வாங்கிய குளிசை

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக இரண்டு கையும் நடுங்குகிறது. சாய்மனைக் கதிரையில் சும்மா இருந்து டிவி பார்க்கும்போதுதான் கூட. நடையும் மந்தம். சீனி வருத்தத்துக்கு கிளினிக் போகிறார். தலைசுற்றுக்கு முன்பு எழுதித் தந்த குளிசையும் போடுகிறார், அது முடிந்ததும் வெறும் மட்டையைக் காட்டி நான்தான் பாமசியில் வாங்கி வருவேன். வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
- ஒரு மகன், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, பயத்தைப் பிறகு பார்ப்போம். வெறும் மட்டையைக் காட்டி வாங்குவேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் நாலு தரம் வாசித்தேன். எத்தனை மாதமாக வாங்குகிறீர்கள்? கடிதத்தில் டிவி இருக்கிறது, கதிரை இருக்கிறது, குளிசையின் பெயர் இல்லை. உங்களுக்கே தெரியாது, அதுதானே?

தலைசுற்றுக்குக் கொடுக்கிற புரோக்ளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை வயதானவர்கள் மாதக்கணக்கில் போட்டால், அவை மூளையில் உடம்பின் அசைவைச் சீராக வைக்கிற டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுத்து, பார்க்கின்சன் வருத்தம் மாதிரியே கையை நடுங்க வைக்கும், நடையை மந்தமாக்கும், முகத்தில் சிரிப்பைக்கூடக் குறைத்துவிடும். உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் தொடங்கும். அப்பாவுக்கு இரண்டு கையும் என்கிறீர்கள், அதனால் எனக்குச் சந்தேகம் அந்தக் குளிசையில்தான். ஆனால் சந்தேகம் மட்டும்தான், பார்த்துச் சொல்ல வேண்டியது டொக்டர். குளிசைதான் காரணமென்றால், அதை நிறுத்தி சில கிழமைகளில், சிலருக்குப் பல மாதங்களில், நடுக்கம் குறையும். நீங்களாக நிறுத்திவிட்டு வேறொன்றை வாங்கிக் கொடுக்க வேண்டாம், பாமசி வைத்தியம் இதுவரை செய்ததே போதும்.

கோப்பையைத் தூக்கும்போது மட்டும் நடுங்குவது வேறு கதை, அது பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். தைரொயிட் கூடினாலும் நடுங்கும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீனிக் குளிசையைப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை விரதமென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாரா? அப்படியானால் சீனி இறங்கி, வியர்த்து, கை உதறும், அது உடனே கவனிக்க வேண்டியது.

வயசானால் இப்படித்தான் என்று உங்களுக்குச் சொன்னவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல! மட்டக்களப்பு வாவியில் அந்த வயதில் வலை வீசுகிறவர்களை அவர்கள் பார்த்ததே இல்லைப் போல.

இன்னொன்று. கிளினிக் "போகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள், "கூட்டிப் போகிறேன்" என்று இல்லை. பெற்ற தகப்பனுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தால் மகனுடைய வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல், இந்தக் கிழமையே ஒரு நாள் லீவு போடுங்கள். வீட்டில் அவர் போடுகிற குளிசை, சிரப், யாரோ கொடுத்த சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு பக்கத்தில் இருந்து, எது எப்போது தொடங்கியது என்று நீங்களே சொல்லுங்கள். அந்த மட்டையை எறிந்திராவிட்டால் அதையும் எடுத்துப் போங்கள்.