எலோபஸ் கதை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2014 ஆகஸ்டில் உங்களுக்கு ஒரு விசித்திரமான மின்னஞ்சல் அனுப்பியவள் நான். நடிகர் மிஷா காலின்ஸ் நடத்திய கிஷ்வெஸ் என்ற ஸ்கேவஞ்சர் ஹன்ட்டில், அதாவது பட்டியலில் உள்ள விசித்திரமான வேலைகளைக் கெடுவுக்குள் முடிக்கும் ‘வேட்டை’ப் போட்டியில், எங்கள் குழு சேர்ந்திருந்தது. மிஷா, இங்கிலாந்து ராணி, யானையும் ஆக்டோபஸும் கலந்த ‘எலோபஸ்’ மூவரையும் வைத்து 140 சொல்லுக்குள் ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளரிடம் கதை வாங்க வேண்டும் என்பது பட்டியலில் ஒரு வரி. நீங்கள் அன்றிரவே எழுதி அனுப்பினீர்கள். உங்களைத் தொந்தரவு செய்துவிட்டேனோ என்று இன்றும் உறுத்துகிறது. இப்போது மூன்று நாடுகளில் இருக்கும் கல்லூரித் தோழிகள் சேர்ந்து சிறிதாக ஒரு வேட்டை நடத்தப்போகிறோம். பட்டியல் எப்படி இருக்க வேண்டும்? தொடக்கத்தில் உங்கள் கதையை வாசிக்கலாமா?

ம., லெஸ்டர்

அன்புள்ள ம.,

எனக்கு அது தொந்தரவாக இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தேன். முதலில் 210 சொல் வந்தது. எழுதியதைவிட வெட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. மழை போயிற்று, அரண்மனைக் காவலர்கள் போனார்கள், ராணியின் நாய்களை மட்டும் விட மனமில்லாமல் கடைசிவரை வைத்திருந்து, அப்புறம் அவற்றையும் எடுத்தேன். கோயில் தூணில் சிங்க உடலும் துதிக்கையுமாக நிற்கும் யாளியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எலோபஸ் அந்நியமாகத் தெரியவில்லை. அந்த இரவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனாலும் உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது. எனக்கு வந்தது ஒரே ஒரு மின்னஞ்சல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பலருக்கு அந்த வாரம் வந்து குவிந்துவிட்டது. குழுவுக்கு 15 பேர், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர், கெடு ஒரே வாரம். எல்லோரும் ஒரே வகை ஆட்களின் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? மறுத்தவர்களையும் கோபப்பட்டவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், எழுத்துதான் அவர்கள் பிழைப்பு. கேட்ட உங்கள் மீதும் தப்பில்லை. அந்த வரியை அப்படி எழுதியதுதான் தப்பு. ஆட்டத்துக்கு வராதவர் தலையில் அது சுமையை வைத்தது.

மிஷா படித்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1987 முதல் ‘ஸ்காவ்’ என்று ஒரு வேட்டை நடக்கிறது. 1999 பட்டியலில் ஒரு வரி, கொட்டகையில் ஓர் ஈனுலை, அதாவது புது அணு எரிபொருளை உண்டாக்கும் அணு உலை, கட்டுங்கள் என்றது. ஆமாம், கல்பாக்கம் பற்றிய செய்திகளில் படிக்கிறோமே, அதே ஈனுலைதான். இயற்பியல் மாணவர்கள் இருவர் பழைய மின்னணுக் கருவிகளின் வெற்றிடக் குழாய்களிலிருந்து தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தை எடுத்து, மிக நுண்ணிய அளவில் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள்! எவ்வளவு பெரிய வேலை, ஆனால் முழுக்க அவர்கள் தலையில். வேட்டைக்கான வரி என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அதனால் ஒவ்வொரு வரியை எழுதியதும், இதற்கு யாருடைய நேரம் செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள். வெளியாள் உதவி தேவைப்பட்டால், அவர் பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே செய்துவிடக்கூடியதாக இருக்கட்டும். கிஷ்வெஸில் அன்புச் செயல்களும் பட்டியலில் இருந்தன, கட்டணத்தில் ஒரு பகுதி ‘ரேண்டம் ஆக்ட்ஸ்’ தொண்டு நிறுவனத்துக்குப் போனது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாடுகளில் இருக்கிறீர்கள் அல்லவா, தனியாக ஒருவரால் முடிக்க முடியாத வரிகள் சில வேண்டும். உதாரணமாக, ஒரு தோழி போனில் வாயால் மட்டும் சொல்ல, இன்னொரு நாட்டில் இருப்பவர் படம் பார்க்காமல் ஏழு புள்ளிக் கோலம் போட வேண்டும். “மூணாவது புள்ளியைச் சுத்தி வா, இல்ல, அந்தப் பக்கம்” என்று நீங்கள் கத்துவதைப் பதிவு செய்து அனுப்பினால்தான் மதிப்பெண்.

கதையைத் தாராளமாக வாசியுங்கள். கடைசி வரியில் ‘எட்டுக் கைகள்’ என்று இருப்பதை ‘எட்டுத் துதிக்கைகள்’ என்று மாற்றிவிடுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான், 140 தாண்டாது.