பழைய ஆப்ஜெக்டிவ்-சி (ஆப்பிள் செயலிகள் எழுதும் மொழி) புராஜெக்ட். ஆப்ஜெக்டைப் பிடித்துவைக்கும் ரிடெய்ன், விட்டுவிடும் ரிலீஸ் எல்லாம் முழுக்க கையால் எழுதியவை. அவற்றைத் தானாகவே கவனித்துக்கொள்ளும் ஏ.ஆர்.சி-க்கு ஒரேயடியாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

தேவையே இல்லை. ஃபைல் ஃபைலாக மாற்றலாம். 2011-ல் ஆப்பிளின் புரோகிராம் எழுதும் கருவியான எக்ஸ்கோட் 4.2-வோடு ஏ.ஆர்.சி வந்தபோதே, புதுசும் பழசும் ஒரே புராஜெக்டில் கலந்து இருக்கலாம் என்ற ஏற்பாட்டோடுதான் வந்தது. நாம் எழுதிய ரிடெய்ன், ரிலீஸை இப்போது கம்பைலர் எழுதுகிறது, அவ்வளவுதான். புரோகிராம் ஓடும்போது நடப்பது, ஓர் ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற அதே எண்ணிக்கை. அதனால் பழைய ஃபைலில் பிறந்த ஆப்ஜெக்டைப் புதிய ஃபைல் தாராளமாக வாங்கிக்கொள்ளும்.

என் யோசனை: புராஜெக்ட் முழுக்க ஏ.ஆர்.சி-யை ஆன் செய்துவிட்டு, பில்ட் ஃபேசஸில் கம்பைல் சோர்சஸ் பட்டியலுக்குப் போய்ப் பழைய ஃபைல்கள் எல்லாவற்றுக்கும், ஏ.ஆர்.சி-யை அணைக்கும் 'மைனஸ் எஃப்-நோ-ஆப்ஜ்சி-ஆர்க்' ஃப்ளாகைப் போடுங்கள். தலைகீழாகவும் செய்யலாம்தான். ஆனால் இப்படிச் செய்தால் புதிதாக எழுதுவது தானாகவே ஏ.ஆர்.சி-யில் வந்துவிடும், இன்னும் எத்தனை ஃபைல் பாக்கி என்பதும் அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். தானாக மாற்றித் தரும் கருவியும் எக்ஸ்கோடோடு வந்தது. பெரிய புராஜெக்டில் அது காட்டும் மாற்றங்களை ஒருவரும் பொறுமையாகப் படிக்க மாட்டார்கள், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அடி விழும் முதல் இடம், மெத்தட் பெயர். பழைய ஃபைலில் 'நியூடைட்டில்' என்று ஒரு மெத்தட் இருந்து, ஆட்டோரிலீஸ் செய்த (பிறகு ரிலீஸ் ஆகட்டும் என்று ஒரு பூலில் போட்டுவைத்த) சரத்தைத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். அலாக், நியூ, காப்பி என்று பெயர் தொடங்கினால் உரிமை, அதாவது ரிலீஸ் செய்யும் பொறுப்பு, நம் கைக்கு வருகிறது என்பதுதான் ஏ.ஆர்.சி-யின் கணக்கு. எனவே அழைக்கும் புதிய ஃபைல் ஒரு ரிலீஸைக் கூடுதலாகப் போட்டுவிடும். கிராஷ் அங்கே வராது, வேறெங்கோ பூல் காலியாகும் நேரத்தில் வரும். மெத்தட்டின் பெயரை மாற்றிவிடுவதுதான் சுத்தமான தீர்வு.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் கிராஷே வராது. ப்ளாக்குக்குள் (பின்னால் ஓடுவதற்காகக் கொடுத்துவைக்கும் கோட் துண்டு) செல்ஃபை, அதாவது நம் ஆப்ஜெக்டையே, நேராகப் பிடிக்காமல் இருக்க, அந்தக் காலத்தில் '__ப்ளாக்' என்று ஒரு மாறியில் வைத்துப் பயன்படுத்துவோம். அது ரிடெய்ன் ஆகாது. ஏ.ஆர்.சி-யில் அதே வரி ரிடெய்ன் ஆகும்! கம்பைல் ஆகும், வேலையும் செய்யும், மெமரி மட்டும் திரும்ப வராது. ஃபைலை மாற்றும்போதே '__ப்ளாக்' என்று தேடி, இப்படிப்பட்டவற்றை, ரிடெய்ன் செய்யாத '__வீக்' ஆக்கிவிடுங்கள். அப்புறம், ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டீஅலாக்கில் ஒரு லாக் போட்டு, திரையைத் திறந்து மூடிப் பாருங்கள். லாக் வரவில்லை என்றால் எங்கோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் சுழற்சி இருக்கிறது.

டீஅலாக்கில் சூப்பர் டீஅலாக்கை நீக்க வேண்டும். அப்சர்வரைக் கழற்றும் வரிகளை விட்டுவையுங்கள். அசைன் என்றிருக்கும் டெலிகேட்களை வீக் ஆக்குங்கள். ஏ.ஆர்.சி கவனித்துக்கொள்ளாத, ஆப்பிளின் சி மொழி நூலகமான கோர் ஃபவுண்டேஷனோடு கட்டிப்புரளும் ஃபைல்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவை நன்றாக ஓடுகின்றன, யாரும் தொடுவதும் இல்லை என்றால் ஃப்ளாகோடு அப்படியே கிடக்கட்டும்.