கேள்வி – பதில்: டிரெய்லரில் டிராக்டர்

கேள்வி: டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி, வேனின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் சென்றபோது, வேகம் கூடியதும் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடியது. சங்கிலியை இன்னும் இறுக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. டிராக்டர் அதிகம் பின்னால் நின்று, கொக்கியின் மீது போதிய எடை விழாததே இத்தகைய ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்கும்படி, இழுக்கும் வண்டியின் தாங்குதிறனை மீறாமல், டிராக்டரைச் சற்று முன்னே நகர்த்தி நிறுத்துங்கள். பின்சக்கரங்களில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அந்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஏற்றும் முன்பே டிரெய்லரை வண்டியுடன் இணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிடுங்கள். ஏற்றியபின் கலப்பை போன்ற கருவிகளைத் தளத்தில் இறக்கி, கியரில் விட்டு, கைப்பிரேக்கைப் போடுங்கள். நான்கு மூலைகளிலும் தனித்தனிச் சங்கிலிகளை, முன்னவை முன்னோக்கியும் பின்னவை பின்னோக்கியும் இழுக்குமாறு, சேசிஸிலோ அச்சின் உறுதியான பகுதியிலோ மாட்ட வேண்டும். ஸ்டியரிங் தண்டிலும் ஹைட்ராலிக் குழாய்களிலும் சங்கிலி படவே கூடாது. புறப்பட்டுச் சில கிலோமீட்டரில் நிறுத்தி, தளர்ந்த சங்கிலிகளை மீண்டும் இறுக்குங்கள்.