காலாவதியே ஆகாத லைசென்ஸுக்கு எதற்குப் புதுப்பிப்புக் கட்டணம்?

கேள்வி: அமெரிக்காவில் படித்த காலத்தில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது சில ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை. விமானம் ஓட்டவே இல்லை. லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, புதுப்பித்துத் தருகிறோம் என்று ஓர் ஏஜென்சி பணமும் என் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) கணக்கின் பாஸ்வேர்டும் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். அமெரிக்க எஃப்.ஏ.ஏ. தரும் பைலட் லைசென்ஸுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. கார்டை எடுத்துப் பாருங்கள், கொடுத்த தேதி மட்டும்தான் இருக்கும். இல்லாத ஒன்றைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

பாஸ்வேர்டு விஷயம் பணத்தைவிட மோசம். அந்தக் கணக்கில் நுழைந்து ஒருவர் எதை அனுப்பினாலும் அது நீங்கள் கையெழுத்துப் போட்டதாகவே கணக்கு. மருத்துவப் பரிசோதனைக்கான ஆன்லைன் படிவத்தில் பழைய நோய், மருந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டது வரை கேட்பார்கள். ஏஜென்ட் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அடித்துவிட்டுப் போவார். தெரிந்தே பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. மாட்டப் போவது நீங்கள், அவர் இல்லை.

சரி, நீங்கள் உண்மையில் செய்ய வேண்டியது என்ன? முதலில் முகவரி. வீடு மாறினால் 30 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் லைசென்ஸைப் பயன்படுத்தக் கூடாது. அப்புறம், 2025 ஜூலை 7 முதல், வெளிநாட்டு முகவரி மட்டுமே வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் ஒரு பிரதிநிதியை நியமித்திருக்க வேண்டும். எஃப்.ஏ.ஏ. அனுப்பும் சட்ட ஆவணங்களை உங்களுக்காக வாங்கி வைப்பது மட்டுமே அவர் வேலை. வெளிநாட்டுக்கு ஆவணம் அனுப்பினால் செலவும் தாமதமும் ஆகிறதாம், அதனால் அந்தச் சுமை பைலட் தலையில்! ஈமெயில் காலத்தில் இப்படி ஒரு ஏற்பாடு தேவையா என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் நியமிக்காதவரை ஓட்டக் கூடாது என்பதே விதி. இதற்கு ஏஜென்சியைத் தேடி ஓடாதீர்கள். 18 வயது நிரம்பிய, அங்கே சொந்த முகவரியில் வசிக்கிற அக்காவோ நண்பரோ சம்மதித்தால் போதும். தபால் பெட்டி எண் மட்டும் செல்லாது.

காலாவதியே கிடையாது என்று நான் மேலே சொன்னது ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறும். உங்கள் கார்டை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். வேறொரு நாட்டு லைசென்ஸின் அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்றும், அதோடு சேர்த்து வைத்திருந்தால்தான் செல்லும் என்றும் எழுதியிருந்தால் கதையே வேறு. அந்த மூல லைசென்ஸ் காலாவதியானால் அமெரிக்கக் கார்டும் செல்லாது. மூல லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது அதன் எண் மாறினால்கூடச் சிக்கல்தான். மூல நாட்டிடம் சரிபார்ப்பு வாங்கி, புதிய எண்ணோடு கார்டை மறுபடி எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுதி அமெரிக்காவிலேயே நேரடியாக எடுத்தவர் என்றால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

லைசென்ஸ் காலாவதியாகாவிட்டாலும், மறுபடி ஓட்ட மருத்துவச் சான்று வேண்டும். அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை, எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் வெளிநாடுகளிலும் உண்டு. உங்களுக்கு மூன்றாம் வகுப்புச் சான்றே போதும். பரிசோதனை நாளில் 40 வயது ஆகவில்லை என்றால் 60 மாதம், ஆகிவிட்டால் 24 மாதம் செல்லும்.

கடைசியாக ஃப்ளைட் ரெவ்யூ, அதாவது ஓட்டும் திறனை மறுபடி சரிபார்ப்பது. எஃப்.ஏ.ஏ. பயிற்றுநர் ஒருவரோடு குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பாடம், ஒரு மணி நேரம் வானில். இது 24 மாதத்துக்கு ஒரு முறை. இதில் ஃபெயில் என்பது கிடையாது. திருப்தி இல்லையென்றால் இன்னும் பறக்கச் சொல்வார், அவ்வளவுதான். இத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடிந்ததும் லாக்புக்கில் (பறந்த விவரங்களை எழுதிவைக்கும் உங்கள் பதிவேடு) கையெழுத்துப் போட்டுத் தருவார். அதை எங்கும் அனுப்ப வேண்டாம், யாருக்கும் கட்டணம் கட்டவும் வேண்டாம். பயிற்றுநருக்கும் விமான வாடகைக்கும் மட்டும் செலவு. சிங்கப்பூரில் பதிவான விமானத்தை இந்த அமெரிக்க லைசென்ஸை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. அதற்கு அந்த நாட்டு அனுமதி தனி.