தெரிந்த சொற்களைப் படிப்பது – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூர் துவாஸில் கட்டுமான வேலை, வந்து மூன்று வருடமாகிறது. ஆங்கிலம் சரியாக வந்தால் சூப்பர்வைசர் கோர்ஸுக்கு அனுப்பலாம் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். ஊரிலிருந்து ஒரு சொற்பொருள் புத்தகம் வரவழைத்து, எட்டு மாதமாக நாளுக்குப் பத்து சொல் மனப்பாடம் செய்கிறேன். ‘ஏ’யில் ஆரம்பித்து ‘எஃப்’ வரை வந்துவிட்டேன். அபேண்டன், அபேட், அபோர் எல்லாம் அர்த்தத்தோடு சொல்வேன். ஆனால் போன வாரம் சாரத்தில் நிற்கும்போது சேஃப்டி ஆபீசர் கீழேயிருந்து ‘ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன்’ என்று கத்தினார். நான் பைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஹோல்டும் தெரியும், ஆனும் தெரியும். எனக்கு ஞாபகசக்தி போதவில்லையா? அடிக்கடி புழங்கும் சொற்களை மட்டும் படித்தால் போதும் என்கிறான் அறை நண்பன். எத்தனை சொல் போதும்?

அன்புடன்,
உங்கள் வாசகன், துவாஸ்

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து பத்து சொல் படிக்கிறவருக்கு ஞாபகசக்தி குறை என்று யாரும் சொல்ல முடியாது. குறை அந்தப் புத்தகத்தின் வரிசையில் இருக்கிறது. அகர வரிசை தேடுவதற்கு வசதி, படிப்பதற்கு இல்லை. அபேட்டும் அபோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று குழப்பும். உங்கள் சைட்டில் அந்த இரண்டையும் யாரும் ஒரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லப்போவதில்லை.

உங்கள் நண்பர் சொல்வது சரி, ஆனால் பாதிதான். மைக்கேல் வெஸ்ட் என்று ஒருவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சுமார் 2000 சொற்களின் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். பொதுவான எழுத்தில் நூற்றுக்கு எண்பது சொல் அந்த 2000-க்குள் அடங்கிவிடும் என்று கணக்கு. 2013-இல் இதைப் புதுப்பித்து வந்த பட்டியலில் ஏறக்குறைய 2800 சொல், அது 92 விழுக்காட்டைத் தொடுகிறது. கேட்கும்போது வேலை முடிந்த மாதிரி தெரியும். ஆனால் நூற்றுக்கு எண்பது என்றால் ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்று அர்த்தம். நாளிதழை அகராதி இல்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று மொழி ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அது பல வருடப் பயணம், இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். சைட், பஸ், கிளினிக், கடை, இவற்றுக்கு முதல் 2000 பெரிய பலம்.

நண்பர் சொல்லாமல் விட்ட பாதிக்கு வருகிறேன். வெஸ்ட்டின் பட்டியலில் சொற்கள் மட்டும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு வருகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. ஏனென்றால் அதிகம் புழங்கும் சொல்தான் அதிக வேஷம் போடும்.

நம் ‘பிடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, பிள்ளை அடம் பிடிக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள், திருடனைக் கண்டுபிடிக்கிறார்கள், ஒருவரை நமக்குப் பிடித்துப்போகிறது. ‘பிடி என்றால் கையால் பற்று’ என்று மட்டும் எழுதிவைத்துப் படித்த சீனர் ஒருவர், ‘எனக்கு மழை பிடிக்கும்’ என்று நீங்கள் சொன்னால் என்ன நினைப்பார்? ஹோல்ட் உங்களுக்குச் செய்தது அதுதான். ஹோல்டும் ஆனும் சேர்ந்தால் ‘கொஞ்சம் பொறு’. சில இடத்தில் ‘விடாமல் பிடித்துக்கொள்’ என்றும் வரும், அதனால் உங்கள்மேல் தப்பில்லை. சந்தேகம் வந்தால் கையை நிறுத்திவிட்டு ‘ஸ்டாப்?’ என்று திருப்பிக் கேளுங்கள். உயரத்தில் நிற்கும்போது அதற்குக் கூச்சப்படவே கூடாது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்து ஒரு கிளினிக் கவுண்டரில் சேர்ந்த புதிது. ஒரு சீனப் பாட்டி போன் செய்து, பிரஷர் மாத்திரை ‘ரன் அவுட்’ என்றார். ரன் ஓடு, அவுட் வெளியே. இரண்டும் பள்ளியில் படித்ததுதான். ஒன்றும் புரியாமல் அடுத்த வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்தேன். தீர்ந்துவிட்டது என்றுதான் பாட்டி சொல்லியிருக்கிறார். டாக்டர் தற்செயலாகப் பார்த்துக் கேட்டதால் அன்றைக்கே மாத்திரை போனது. இல்லாவிட்டால் அந்தப் பாட்டி ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்திருப்பார். அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டில் தனிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதி, யார் சொன்னார், அப்போது என்ன நடந்தது என்று தமிழில் கீழே எழுதுவேன். ‘புட் ஆஃப்’ – சனிக்கிழமை மீட்டிங் திங்களுக்குத் தள்ளிப்போனது. ‘புட் ஆன்’ – மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னார். ‘புட் அப் வித்’ – பக்கத்து வீட்டுச் சத்தத்தை வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்கிறார். ஒரே புட், மூன்று வேலை. இப்படிப் பார்த்தால் கெட், டேக், புட், கீப், கோ, கம், ரன், ஹோல்ட் என்று பத்துப் பதினைந்து சின்னச் சொற்கள்தான் பேச்சின் பாதிப் பாரத்தைச் சுமக்கின்றன என்று எனக்குத் தோன்றும். உங்கள் சைட் வேலியில் நான்கு மொழிப் பலகை தொங்குகிறதல்லவா? ‘கீப் அவுட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல், உள்ளே வராதே என்ற கருத்தைத்தான் தமிழில் போட்டிருப்பார்கள். நோட்டிலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

அப்புறம், உலகப் பட்டியலை அப்படியே நம்பவும் வேண்டாம். ‘அலைட்’ என்ற சொல் அந்தப் பட்டியல்களில் முன்வரிசையில் வராது. இங்கே பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் இறங்குவதற்கு அதைத்தான் தினமும் பார்க்கிறோம். டாப் அப் (கார்டில் பணம் ஏற்றுவது), வாய்ட் டெக் (அடுக்குமாடி வீடுகளின் திறந்த தரைத்தளம்) எல்லாம் இங்கே அடிக்கடி புழங்கும் சொற்கள். ஹார்னஸ் (உயரத்தில் அணியும் பாதுகாப்பு வார்), லேன்யார்ட் (அதைக் கட்டும் கயிறு) உங்கள் தொழில் சொற்கள், இவை பட்டியலில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு முதல் நூறில் வர வேண்டியவை. வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தினமும் காதில் விழுவதை முதலில் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் வருவீர்களென்றால் ஒரு காரியம் செய்யலாம். லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பூகிஸ். அங்கிருந்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடம் நடக்கிற தூரம், அதன் அடித்தளத்தில் பொது நூலகம். உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. 400 சொல், 700 சொல், 1000 சொல் என்று அளவு வைத்து எளிய ஆங்கிலத்தில் எழுதிய கதைப் புத்தகங்கள் உண்டு, கிரேடட் ரீடர் என்று கேளுங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் இரண்டு மூன்றுக்குமேல் வந்தால் ஒரு படி கீழே உள்ளதை எடுங்கள். கீப்பும் ஹோல்டும் ஐம்பது விதமான வாக்கியத்தில் எதிரே வரும். மனப்பாடம் செய்யாமலே தங்கிவிடும்.

‘எஃப்’போடு அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம், தப்பேயில்லை. புது நோட்டின் முதல் பக்கத்தில் ‘ஹோல்ட் ஆன்’ என்று எழுதி, அன்று சாரத்தில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். நோட்டில் பத்துப் பக்கம் ஆனதும் படம் பிடித்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா