எடைமேடைக்கு நிரல் எழுதிய பெண் எந்தப் பிரிவில் சேர வேண்டும்?

சென்ற வாரம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்திருந்தது. தந்தை தேங்காய்க் களம் வைத்திருப்பவர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, 200க்கு 183 கட் ஆஃப் பெற்றிருக்கிறாள். ஆனால் பேச்சு முழுவதும் உடன் வந்த பெரியப்பாவுடையதாகவே இருந்தது. சென்னைக்கு அருகில் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பேசி முடித்தாயிற்று, முன்பணம் கட்டுவதுதான் பாக்கி என்றார். எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வேறு எதில் சேர்ப்பது என்பது அவருடைய கேள்வி. முதல் பத்து நிமிடம் நானும் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று தேற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண் மடிக்கணினியைத் திறந்தாள். அதன் பின் நான் தந்தையிடம் வாதாடியதைத்தான், இதே தவிப்பில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், கீழே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மகள் தாய்மாமனின் லாரி எடைமேடைக்காக சி ஷார்ப் என்னும் கணினி மொழியில் எழுதிய நிரலை நீங்கள் எட்டிப் பார்த்திருப்பீர்கள், உட்கார்ந்து பார்த்ததில்லை. அதன் திரையில் பெரிய பொத்தான் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாரத்தோடு லாரி ஏறும்போது அதே பொத்தான் முதல் எடையைப் பதிகிறது, காலியாகத் திரும்பும்போது இரண்டாம் எடையைப் பதிகிறது, பிறகு ரசீது அச்சிடுகிறது. இராப்பணி பார்க்கும் பெரியவர் மூன்று பொத்தான்களில் எது என்று கண்ணாடியைத் துழாவக் கூடாது என்பதற்காக அவளே யோசித்த ஏற்பாடு அது.

முதலில் அவள் பொத்தானின் மேல் எழுதியிருக்கும் சொல்லைப் பார்த்தே என்ன செய்வது என்று நிரலைத் தீர்மானிக்கச் சொல்லியிருந்தாள். மாமா ‘முதல் எடை’ என்பதைப் ‘பார எடை’ என்று மாற்றச் சொன்னார்; மாற்றிய மறுநிமிடம் பொத்தான் ஊமையாகிவிட்டது. உடனே இப்போது எந்தக் கட்டம் என்பதை நிரலுக்குள் ‘மாறி’ எனப்படும் தனி நினைவிடம் ஒன்றில் வைத்து, பொத்தானின் எழுத்து அதைப் பின்பற்றும்படி திருத்தினாள். இந்த அளவுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். அடுத்து நடந்தவை அப்படியல்ல. பெரியவர் பழக்கதோஷத்தில் பொத்தானை இரண்டு முறை சொடுக்கினார். முதல் சொடுக்கிலேயே பொத்தானின் வேலை மாறிவிட்டதால், இரண்டாம் சொடுக்கு மாறிய வேலையைச் செய்து முடித்து, நிகர எடை பூஜ்யம் என்று ரசீது வந்தது. மேடை காலியாகி எண் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை பொத்தான் முடங்கிக் கிடக்கும்படி செய்தாள். அதற்கும் பிறகு ஒரு நாள், முதல் லாரி சரக்கு இறக்கப் போயிருந்த நேரத்தில் வேறொரு லாரி ஏறிவிட்டது; பொத்தானோ பழைய லாரியின் இரண்டாம் எடைக்காகக் காத்திருந்தது. அன்றுதான் கட்டம் என்பது பொத்தானுக்கு உரியதன்று, வண்டிக்கு உரியது என்று அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. இப்போது வண்டி எண்ணைத் தட்டியதும், அந்த எண்ணுக்கு முடியாத பதிவு இருந்தால் பொத்தான் இரண்டாம் எடைக்கும், இல்லையென்றால் முதல் எடைக்கும் தானே மாறிக்கொள்கிறது.

இதில் உனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டேன். நிரலைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, லாரி நின்ற பிறகும் எண் ஏன் சில விநாடி தள்ளாடுகிறது, எடையைக் காட்டும் இண்டிகேட்டர் கருவி கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும் எண்களில் எதை நிலையான எடை என்று நம்புவது, மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று என்னையே கேட்கத் தொடங்கிவிட்டாள். கம்ப்யூட்டரில் ஆசை உள்ள பிள்ளை என்று பெரியப்பா சொல்வது பாதிதான் சரி. அவளுடைய நாட்டம் கம்ப்யூட்டரின் மறுமுனையில் இருக்கும் இயந்திரத்தின் மீது.

அந்த நாட்டத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினீயரிங், சுருக்கமாக இ.ஐ.இ., என்பது அதன் பெயர். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. பிரிவுகளைப் பற்றி உங்களுக்கு ஊரே சொல்லும் என்பதால் நான் அவற்றுக்குள் போகவில்லை. வெப்பம், அழுத்தம், ஓட்டம், எடை ஆகியவற்றை மின்சாரமாக மாற்றி, அளந்து, அந்த அளவைக் கொண்டு இயந்திரத்தை நடத்துவதே இ.ஐ.இ. உங்கள் மைத்துனரின் மேடைக்கடியில் உள்ள லோடு செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: பொதுவாகப் புழங்கும் வகையில் 10 வோல்ட் ஊட்டினால், முழுப் பாரம் ஏறும்போதும் அது திருப்பித் தருவது ஏறத்தாழ 20 மில்லிவோல்ட்தான். அந்தத் துளியளவு மாற்றத்தைப் பல டன் எடையாகப் படிப்பது எப்படி என்பதை அங்கே சென்சார், கட்டுப்பாட்டியல், இயந்திரங்களை நடத்தும் தொழிற்சாலைக் கணினியான பி.எல்.சி., ஆலையைத் திரையில் கண்காணிக்கும் ஸ்காடா என்று படிப்படியாகக் கற்றுத் தருகிறார்கள். நிரல் எழுதுவதும் கூடவே வரும். ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளிலும் சோதனைக் கூடங்களிலும் இயந்திரங்களோடு பேசுபவற்றில் இவள் எழுதியதைப் போன்ற மேசைக்கணினி நிரல்களும் உண்டு.

அவள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த விஷயத்துக்கு அத்துறையில் எழுதிவைத்த விதியே உண்டு. இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான, ஐ.இ.சி. என்னும் பன்னாட்டு அமைப்பின் 60204-1 தரநிலை, ஒரே பொத்தான் மாறி மாறி ஓட்டவும் நிறுத்தவும் செய்வதானால், அதற்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு நிறங்களையே விரும்பிப் பரிந்துரைக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கூடாது என்கிறது. பச்சை என்றால் ஓடும், சிவப்பு என்றால் நிற்கும் என்று கை பழகிவிட்ட தொழிலாளியை இரண்டு வேலை செய்யும் பொத்தான் ஏமாற்றிவிடக் கூடாது அல்லவா? அவசர நிறுத்தப் பொத்தானுக்கோ இரண்டாம் வேலையே கிடையாது. இதைச் சொன்னபோது உங்கள் மகள் தன் பொத்தானின் பச்சை நிறத்தை அங்கேயே சாம்பலாக மாற்றியதை நீங்கள் கவனிக்கவில்லை. பெரியப்பாவின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இ.ஐ.இ. பிரிவு அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் இருக்கிறது. கோவை உங்களுக்குப் பேருந்துத் தொலைவு. முந்தைய ஆண்டுகளின் கடைசி கட் ஆஃப் பட்டியலை வைத்து, உங்கள் சமூகப் பிரிவுக்கு எது எட்டும் என்று பார்த்துவிடலாம். மேற்படிப்புக்கு கேட் தேர்வில் இன்ஸ்ட்ருமென்டேஷனுக்குத் தனித் தாளே உண்டு. நெய்வேலி அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை, கரூர் காகித ஆலை முதல் கோவையின் பம்பு, நூற்பாலை இயந்திரத் தொழிற்சாலைகள் வரை இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. முதல் சம்பளம் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் அளவுக்கு இல்லாமல் போகலாம், ஷிஃப்ட் இருக்கலாம். இதை நான் மறைக்கவில்லை. பொறியியல் இடம் கைகூடாவிட்டால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டுக்குள் நுழையும் வழியும் திறந்தே இருக்கிறது.

பணத்தைப் பற்றி மட்டும் நான் நயமாகப் பேசப் போவதில்லை. விடுதியும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு 14 லட்சம் என்று நீங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினீர்கள். அதில் 10 லட்சத்தை வங்கியில் வாங்குவதாக வைத்துக்கொண்டால், வழக்கமான கல்விக் கடன் விதிப்படி 7.5 லட்சத்தைத் தாண்டியதும் சொத்துப் பிணை கேட்பார்கள். அதாவது களம் அடமானத்துக்குப் போகும். 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த மாதம் சுமார் 13,200 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. அவள் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கலந்தாய்வில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் அது கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் இப்போது நீட்டிக்கப்பட்டுள்ள புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் கேட்டு வாங்குங்கள். கையில் வரும் சலுகையை விட்டுவிட்டு, களத்தை அடகு வைத்து, பெண் கேட்காத பிரிவை வாங்குவதற்கு நான் ஒருநாளும் ஒப்ப மாட்டேன். அண்ணன் சொல்லைத் தட்ட முடியாது என்கிறீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவரல்லர்.

முன்பணத்தைக் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை உங்கள் மகளே தன் கையால் நிரப்பட்டும். பிரவுசிங் சென்டர்காரரிடமோ பெரியப்பாவிடமோ கடவுச்சொல்லைத் தர வேண்டாம். பட்டியலைப் பூட்டுவதற்கு ஒரு நாள் முன்னதாக அச்செடுத்துக்கொண்டு மூவரும் வாருங்கள், வரிசையை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வோம். வரும்போது அந்த மடிக்கணினியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ரசீது அச்சாகும் நடுவில் மின்சாரம் போனால் பொத்தான் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று நான் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.